பவளம் நிறம் மங்காமல் இருக்க



பள்ளி விடுமுறை வந்துவிட்டால் நெகிரி செம்பிலான் தோட்டங்களில் வாழும் குடும்பங்களுக்குப் போர்ட்டிக்சன் கடற்கரை நினைவுக்கு வந்துவிடும். சோறும் கோழிக்கறியும் கட்டிக்கொண்டு, லாரியிலோ வேனிலோ ஏறி, தெலுக் கெமாங்கில் போய் இறங்குவோம். சி ரூசா பக்கத்துத் தோட்டங்களில் இருப்பவர்களுக்கோ கடல் கூப்பிடு தூரத்தில் இருக்கிறது. கடல் வற்றும் நேரத்தில், பாறைகள் தலைகாட்டும் இடங்களில் முழங்கால் தண்ணீரில் நடந்து போனால், பழுப்பும் பச்சையுமாகக் கல் போன்ற சில பொருள்கள் கண்ணில் படும். உள்ளே கல்லைப் போலக் கெட்டியாகவும், மேலே வழவழப்பாகவும் இருக்கும். அவைதாம் பவளங்கள்.

நாங்கள் சிறுவர்களாக இருந்த காலத்தில் அப்படி ஒரு துண்டை உடைத்து, மைலோ டின்னில் கடல்தண்ணீர் ஊற்றி, அதில் போட்டு வீட்டுக்குக் கொண்டு வந்தோம். லயத்து வாசற்படியில் வைத்து வேடிக்கை பார்த்தோம். மறுநாள் காலையில் அதன் பச்சை மங்கியிருந்தது. மூன்றாம் நாள் தண்ணீர் கலங்கி, அழுகிய மீன் வாடை வீசியது. டின்னோடு கொண்டுபோய்க் கொட்டும்படி பாட்டி சத்தம் போட்டார். எஞ்சியது ஒரு வெள்ளைக் கல். "கல்லு எப்படி நாறும்?" என்று எங்களில் ஒருவன் கேட்டான். அன்றைக்கு எங்கள் லயத்தில் யாருக்கும் பதில் தெரியவில்லை.

அந்தக் கேள்விக்கு இன்று பதில் காண்போம். இப்போது பட்டணத்து மீன் கடைகளில் நீல விளக்கின் கீழே, கண்ணாடித் தொட்டிக்குள், பூப்போல விரிந்திருக்கும் பவளங்களைப் பார்க்கிறோம். வேலைக்குப் போகும் இளைஞர்கள் சிலர் அவற்றை வாங்கி வீட்டில் வளர்க்கவும் தொடங்கியிருக்கிறார்கள். சிலருக்கு அவை ஆண்டுக்கணக்கில் நிறம் மாறாமல் வளர்கின்றன. பலருக்கு எங்கள் மைலோ டின்னுக்கு நேர்ந்த கதிதான் நேர்கிறது. இரண்டுக்கும் காரணம் என்ன?

முதலில் பவளம் என்பது எது என்று தெரிந்துகொள்வோம். பவளம் கல்லுமன்று, செடியுமன்று. அது ஓர் உயிர்ப்பிராணி. ஒரு குழாய்போன்ற சிறு உடல், அதன் மேலே ஒரு வாய், வாயைச் சுற்றிப் பூவிதழ் போன்ற கைகள். இவ்வளவுதான் ஒரு பவளப்பூச்சி. பெரும்பாலும் பச்சரிசி அளவோ, அதிலும் சிறியதோதான் இருக்கும். இப்படி ஆயிரக்கணக்கான பூச்சிகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு, லயத்து வீடுகளைப் போலச் சுவரோடு சுவராக வாழ்கின்றன. கடல்தண்ணீரில் கரைந்துள்ள சுண்ணாம்புச் சத்தை எடுத்து, ஒவ்வொரு பூச்சியும் தன் அடியில் கல்வீடு கட்டிக்கொள்கிறது. நாம் கல் என்று நினைப்பது அந்த வீட்டை. வீட்டின் மேலே மெல்லிய தோல்போலப் படர்ந்திருப்பதே உயிர். மைலோ டின்னில் நாறியது கல்லன்று. கல்லின்மேல் இருந்த உயிர்.

நம் தாய்மார்கள் அணியும் பவளமாலைக்கும் இதற்கும் உறவு உண்டு. ஆனால் இரண்டும் ஒன்றல்ல. மாலையில் கோக்கும் செம்பவளம், மத்தியதரைக் கடல் முதலிய இடங்களில் வெளிச்சம் குறைந்த ஆழத்தில் வளர்வது. அதன் எலும்பே சிவப்பு. ஆகவே இறந்த பிறகும் நிறம் போகாது. நம் கடலில் பாறை கட்டும் பவளத்தின் எலும்பு வெள்ளை. நிறமெல்லாம் உயிரில்தான் இருக்கிறது. உயிர் போனால் நிறமும் போய்விடும்.

அந்த நிறம் எங்கிருந்து வருகிறது? பவளப்பூச்சியின் உடலுக்குள்ளே கண்ணுக்குத் தெரியாத நுண்பாசிகள் குடியிருக்கின்றன. ஒரு சதுர சென்டிமீட்டர் இடத்தில் பத்து லட்சம் பாசிகள்கூட இருக்கலாம். அவை பொன்பழுப்பு நிறம் கொண்டவை. இலை எப்படி வெயிலைக்கொண்டு உணவு சமைக்கிறதோ, அப்படியே இந்தப் பாசிகளும் வெயிலில் உணவு சமைக்கின்றன. சமைத்ததில் பத்தில் ஒன்பது பங்கு வரையில் வீட்டுக்காரனான பவளத்துக்குக் கொடுத்துவிடுகின்றன. வீட்டுக்காரனும் சும்மா வாங்கிக்கொள்வதில்லை. தங்க இடமும், தன் உடற்கழிவிலிருந்து வரும் உரச்சத்தும், தான் மூச்சுவிடும் கரியமில வாயுவும் பாசிக்குக் கொடுக்கிறது. ஒருவருக்கொருவர் வாடகை கொடுத்து வாழும் குடித்தனம் இது.

இதுதவிரப் பவளம் தானாகவும் சில நிறப்பொருள்களை உண்டாக்கிக்கொள்கிறது. பச்சை, ஊதா, இளஞ்சிவப்பு முதலியவை அப்படி வந்தவை. இவற்றில் சில, கடுமையான வெயிலிலிருந்து உள்ளே இருக்கும் பாசியைக் காக்கும் குடைபோலப் பயன்படுகின்றன. ஆகவே பவளத்தின் நிறம் என்பது வெள்ளைச் சுவர், பழுப்புப் பாசி, பவளத்தின் சொந்த நிறம் ஆகிய மூன்றும் சேர்ந்த கணக்கு. இந்தக் கணக்கை மனத்தில் வைத்துக்கொண்டால், மற்றவையெல்லாம் எளிதில் விளங்கும்.

வெப்பம் மிகுந்தாலும், வெளிச்சம் கெட்டாலும், நல்ல தண்ணீர் கலந்து உப்பு குறைந்தாலும் குடித்தனம் முறிந்துபோகிறது. பவளம் பாசிகளை வெளியே தள்ளிவிடுகிறது. அப்போது கண்ணாடிபோன்ற தோலின் வழியே வெள்ளை எலும்பு தெரியும். இதைத்தான் வெளுத்தல் என்கிறோம். 1928, 1929 ஆண்டுகளில் ஆஸ்திரேலியாவின் பெருந்தடுப்புப் பவளத்திட்டில் தங்கி ஆராய்ந்த யங் என்ற ஆங்கிலேய விஞ்ஞானியும் அவருடைய குழுவினரும், பவளங்களை இருட்டில் வைத்துப் பார்த்தார்கள். வெளிச்சமில்லாத பவளங்கள் தம் பாசிகளை இழந்து வெளுத்துப்போயின. வெளுத்த பவளம் உடனே செத்துவிட்டது என்று எண்ணக்கூடாது. அது பட்டினி கிடக்கிறது. சில வாரங்களுக்குள் நிலைமை சீரானால் பாசி மீண்டும் பெருகி நிறம் திரும்பும். சீராகாவிட்டால் பட்டினியால் மடியும்.

பவளத்தைத் தொட்டியில் வைத்துக் காக்க முடியும் என்று உலகுக்குக் காட்டியவர்களில் ஒருவர் நமக்கு அண்டை வீட்டுக்காரர். ஜகார்த்தாவில் வாழ்ந்த லீ சின் எங் என்பவர்தாம் அவர். கடலிலிருந்து எடுத்த தண்ணீர், உயிரினங்கள் ஒட்டி வாழும் பாறைத் துண்டுகள், வெயில், காற்றுக் குமிழி. இவற்றை மட்டும் வைத்து அவர் தொட்டியில் பவளத்தை வாழவைத்தார். 1961ஆம் ஆண்டில் அவருடைய முறையைப் பற்றிய கட்டுரை அமெரிக்க மீன் வளர்ப்பு இதழ் ஒன்றில் வெளிவந்தது. அதற்குப் பின் ஜெர்மனியில் இருந்தவர்கள் இந்த முறையை மேலும் திருத்தினார்கள். இன்றும் தொட்டிக்கு அடிப்படை, அவர் காட்டிய உயிர்ப்பாறைதான்.

இனி, தொட்டியில் பவளம் நிறத்தோடு வாழ என்னென்ன வேண்டும் என்று ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முதலாவது, தண்ணீர். திறந்த கடலில் ஒரு லிட்டர் தண்ணீரில் ஏறக்குறைய 35 கிராம் உப்புகள் இருக்கின்றன. ஆறுகள் வந்து விழும் மலாக்கா நீரிணையில் இது சற்றுக் குறைவு. சமையல் உப்பைக் கரைத்தால் கடல்தண்ணீர் ஆகிவிடாது. கடல் உப்பில் முக்கால் பங்கும் அதற்குச் சற்று மேலும்தான் சமையல் உப்பு. மீதியில் மக்னீசியம், சுண்ணாம்பு, பொட்டாசியம் முதலிய பலவும் உண்டு. ஆகவே தொட்டிக்கென்று விற்கும் கடல் உப்பையே வாங்கவேண்டும். குழாய்த் தண்ணீரில் கிருமிகளைக் கொல்லக் குளோரின் மருந்து கலந்திருக்கும். அது பவளத்துக்கு ஆகாது. வடிகட்டித் தூய்மையாக்கிய தண்ணீரில்தான் உப்பைக் கரைக்கவேண்டும்.

இதில் பலர் செய்யும் தவறு ஒன்று உண்டு. தொட்டித் தண்ணீர் நாளுக்கு நாள் ஆவியாகிக் குறையும். குறைந்த அளவுக்கு உப்புத்தண்ணீர் ஊற்றுவார்கள். ஆவியாகிப் போனது தண்ணீர் மட்டுந்தான். உப்பு தொட்டியிலேயே தங்கிவிட்டது. குழம்பு சுண்டினால் உப்புக் கரிக்கிறது அல்லவா? குழம்பில் நாம் மறுபடியும் உப்புத்தண்ணீரா ஊற்றுகிறோம்? நல்ல தண்ணீர்தானே ஊற்றுகிறோம்? தொட்டிக்கும் அதே கணக்குத்தான்.

இரண்டாவது, பொறுமை. புதுத் தொட்டியில் முதல் நாளே பவளம் வைக்கக்கூடாது. மீன் கழிவும் மீந்த தீனியும் அம்மோனியா என்னும் நஞ்சாக மாறும். அந்த நஞ்சைத் தின்று வாழும் நுண்ணுயிர்கள் உண்டு. ஒருவகை நுண்ணுயிர் அதை நைட்ரைட்டாக மாற்றும். இன்னொரு வகை நைட்ரைட்டை நைட்ரேட்டாக மாற்றும். உயிர்ப்பாறையின் உட்புறத்தில் காற்றுப் புகாத இடத்தில் வாழும் வேறொரு வகை, அதையும் வாயுவாக்கி வெளியேற்றிவிடும். இந்த நுண்ணுயிர்கள் போதிய அளவு பெருக நான்கு முதல் ஆறு வாரங்களாவது ஆகும். நாற்றங்காலைப் பக்குவப்படுத்தாமல் விதை போடுவோமா? எங்கள் மைலோ டின்னில் இந்த வேலைக்காரர்கள் போதிய அளவு இல்லை. அதனால் பவளம் தன் கழிவிலேயே மூழ்கியது.

மூன்றாவது, வெப்பம். தொட்டிக்கு 25 முதல் 27 டிகிரி செல்சியஸ் நல்லது. நம் நாட்டில் நடுப்பகலில் தகரக்கூரை வீட்டுக்குள் 30 டிகிரிக்கு மேல் ஏறிவிடும். விளக்கின் சூடும் அதோடு சேரும். தண்ணீரின் மேற்பரப்பில் படும்படி ஒரு சிறு காற்றாடி வைத்தால், ஆவியாவதனால் இரண்டு மூன்று டிகிரி குறையும். அப்போது நல்ல தண்ணீரை அடிக்கடி ஈடுசெய்யவேண்டும். வெப்பம் ஏறி இறங்குவதும் கெடுதல். ஒரே நிலையில் இருப்பது முக்கியம்.

நான்காவது, வெளிச்சம். கடலுக்குள் போகப்போகச் சிவப்பு ஒளி முதலில் மறைந்துவிடும். நீல ஒளி மிக ஆழம்வரை செல்லும். பவளத்தின் பாசி அந்த நீல ஒளிக்குப் பழகியது. அதனால்தான் கடையில் நீல விளக்கு எரிகிறது. நாளொன்றுக்கு 8 முதல் 10 மணி நேரம் போதும். பாசிக்கும் இரவு ஓய்வு வேண்டும்.

நிறத்தின் இரகசியம் பெரும்பாலும் இங்கேதான் இருக்கிறது, கவனமாகக் கேளுங்கள். வெளிச்சம் குறைந்தாலும், தண்ணீரில் உரச்சத்து மிகுந்தாலும், உள்ளே பாசி அளவுக்கு மீறிப் பெருகும். அப்போது பச்சையும் ஊதாவும் மறைந்து பவளம் காப்பித்தூள் நிறமாகிவிடும். வெளிச்சம் மிகக் கடுமையானாலோ, தண்ணீரில் உரச்சத்து அறவே இல்லாமல் போனாலோ பாசி குறைந்து பவளம் வெளிறிப்போகும். பழுப்பானால் ஒரு பக்கம் சாய்ந்துவிட்டது. வெளிறினால் மறுபக்கம் சாய்ந்துவிட்டது. நடுவிலே நிற்பதுதான் நிறம். புதிதாக வாங்கிய பவளத்தை விளக்குக்கு நேர் கீழே வைக்கக்கூடாது. முதலில் தொட்டியின் அடியில் ஓரமாக வைத்து, இரண்டு மூன்று வாரங்களில் சிறிது சிறிதாக மேலே ஏற்றவேண்டும்.

ஐந்தாவது, நீரோட்டம். மீன் நீந்தித் தீனி தேடும். பவளம் இருந்த இடத்தை விட்டு நகராது. தீனியும் மூச்சுக்காற்றும் அதைத் தேடி வரவேண்டும். அழுக்கும் அதைவிட்டுப் போகவேண்டும். கடலில் அலை இந்த வேலையைச் செய்கிறது. தொட்டியில் சிறு மோட்டார்கள் செய்யவேண்டும். ஒரே திசையில் ஊசிபோலக் குத்தும் நீரோட்டம் பவளத்தின் தோலைக் கிழித்துவிடும். இரண்டு பக்கத்திலிருந்தும் மாறிமாறி அசைவு வந்தால் நல்லது.

ஆறாவது, சுண்ணாம்பு. பவளம் வளர வளரத் தண்ணீரிலுள்ள சுண்ணாம்புச் சத்தைக் குடித்துக்கொண்டே இருக்கும். ஒரு லிட்டரில் 400 முதல் 450 மில்லிகிராம் வரை அது இருக்கவேண்டும். ஜெர்மானியத் தொட்டிக்காரர்கள் இதற்குக் கண்ட வழியைக் கேட்டால் நம் பாட்டிமார்கள் சிரிப்பார்கள். அது சுண்ணாம்புத் தண்ணீர்தான்! வெற்றிலைக்குத் தடவும் அதே நீற்றிய சுண்ணாம்பின் தூய வகையைத் தண்ணீரில் கலக்கி, தெளியவைத்து, தெளிந்த நீரை மட்டும் இரவில் சொட்டுச் சொட்டாகத் தொட்டியில் விடுவார்கள். ஆவியான தண்ணீரையும் அது ஈடுசெய்யும். ஆனால் வெற்றிலைச் சுண்ணாம்பையே எடுத்துப் போட்டுவிடாதீர்கள். அதில் வேறு பொருள் கலந்திருக்கலாம். சுண்ணாம்புத் தண்ணீர் காரம் மிகுந்தது. கண்ணில் பட்டால் ஆபத்து. தொட்டியில் மொத்தமாக ஊற்றிவிட்டால் எல்லா உயிரும் மடியும்.

ஏழாவது, காவல். மீனுக்கு நோய் வந்தால் போடும் மருந்துகள் சிலவற்றில் செம்பு உண்டு. செம்பு பவளத்துக்கு நஞ்சு. டிங்கிக் காய்ச்சலுக்காகக் கொசு மருந்துப் புகை அடிக்க வந்தால், தொட்டியை நன்றாக மூடிக் காற்றுப் பம்பை நிறுத்தவேண்டும். புகை போனதும் மறவாமல் ஓடவிடவேண்டும். களைக்கொல்லி அடித்துவிட்டு வந்த கையைத் தண்ணீரில் விடவே கூடாது. பவளங்களுக்குள்ளும் சண்டை உண்டு. இரவில் சில பவளங்கள் நீண்ட கொடுக்குக் கைகளை நீட்டிப் பக்கத்திலிருப்பதைச் சுட்டுவிடும். ஒன்றுக்கும் மற்றொன்றுக்கும் ஒரு சாண் இடைவெளி விடுங்கள். வாரத்துக்கு ஒருமுறை பத்தில் ஒரு பங்கு தண்ணீரை மாற்றுங்கள்.

தாய்மார்கள் கேட்கவேண்டிய எச்சரிக்கை ஒன்று. பொத்தான்போன்ற வட்ட வடிவில் கூட்டமாக வளரும் மென்பவள வகைகள் சிலவற்றில் கொடிய விஷம் உண்டு. அவை ஒட்டிய பாறையைச் சுரண்டுவதும், கொதிக்கும் நீரில் போடுவதும் கூடாது. அந்த ஆவியை மூச்சில் இழுத்துக் குடும்பத்தோடு மருத்துவமனைக்குப் போனவர்கள் வெளிநாடுகளில் இருக்கிறார்கள். தொட்டியில் கை வைத்தால் கையுறை போடுங்கள். பிறகு சோப்புப் போட்டுக் கழுவுங்கள். கையில் காயம் இருந்தால் தொடவே வேண்டாம்.

இவ்வளவும் கேட்ட பிறகு, "இது நம்மால் ஆகிற காரியமா?" என்று சிலர் நினைக்கலாம். உண்மையைச் சொல்லவேண்டும். விளக்கு, மோட்டார், உப்பு, மின்கட்டணம் என்று மாதா மாதம் வெள்ளி கரையும். ஓர் இரவு முழுதும் மின்சாரம் நின்றால் நீரோட்டம் நின்று, மூச்சுக்காற்றுக் குறைந்து, ஓராண்டு உழைப்பு ஒரே இரவில் போகும். சம்பளத்தில் மீதம் பிடிப்பதே கடினமாக இருக்கும் வீட்டில் இது முதல் செலவாக இருக்கக்கூடாது. செய்ய முடிந்தவர்கள் முறையாகக் கற்றுச் செய்யட்டும்.

அப்படிச் செய்பவர்களும் பவளத்தை எங்கிருந்து பெறுகிறோம் என்பதைக் கவனிக்கவேண்டும். செம்பருத்திக் குச்சியை ஒடித்து நட்டால் வேறொரு செம்பருத்தி வளர்கிறது அல்லவா? பவளமும் அப்படியே. தொட்டியில் வளர்ந்த பவளத்திலிருந்து ஒரு சிறு துண்டு வெட்டி ஒட்டினால் அது தனியாக வளரும். இப்படி வளர்த்த துண்டுகளையே வாங்குங்கள். பாறை கட்டும் பவளங்களை நாடுவிட்டு நாடு கொண்டுபோக அனுமதிச் சீட்டு வேண்டும் என்று உலக நாடுகள் உடன்படிக்கை செய்திருக்கின்றன. நம் நாட்டில் கடல் பூங்காக்களில் பவளத்தைத் தொட்டு எடுப்பது 1985ஆம் ஆண்டு மீன்வளச் சட்டப்படி குற்றம். இந்தியாவில் 2001ஆம் ஆண்டிலிருந்து பாறை கட்டும் பவளங்கள் புலியைப் போலவே சட்டத்தின் முழுக் காவலில் இருக்கின்றன.

இப்போது தொட்டியை விட்டுச் சி ரூசா கடலுக்குத் திரும்புவோம். ஏழு காரியங்களைச் சொன்னோம். அந்த ஏழையும் நம்மிடம் ஒரு காசு வாங்காமல் கடல் செய்துகொண்டிருக்கிறது. போர்ட்டிக்சன் கடல், படத்தில் பார்க்கும் தீவுக் கடலைப்போலத் தெளிவானதன்று. சேறு கலங்கிய கடல். ஆனாலும் இங்கே பவளம் வாழ்கிறது. சேற்றைத் தாங்கும் வகைகள், பெரும்பாலும் உருண்டைக் கல்லைப்போல வளர்பவை, இங்கே நிலைத்திருக்கின்றன. மேலே விழுந்த சேற்றை வழவழப்பான கோழையால் திரட்டித் தள்ளிவிடுகின்றன. அதற்கு அவற்றின் சக்தியெல்லாம் செலவாகிறது. மலேசிய புத்ரா பல்கலைக்கழகம் தன் கடல் ஆய்வு நிலையத்தைத் தெலுக் கெமாங்கில் வைத்திருக்கிறது என்றால், இந்தக் கரை ஆராயத்தக்க கரை என்பது நமக்கு விளங்கவேண்டும்.

உருண்டைப் பவளம் ஆண்டுக்கு ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர்தான் வளரும். ஒரு மீட்டர் உயரமுள்ள பவளத்தைப் பார்த்தால், அதற்கு வயது சுமார் நூறு என்று கொள்ளலாம். நம் பாட்டன்மார் நாகப்பட்டினத்தில் கப்பலேறி இந்த நாட்டுக்கு வந்து, காட்டை வெட்டிப் பால்மரம் நட்ட காலத்தில் அது பிறந்திருக்கும். பால்மரம் போய்ச் செம்பனை வந்தது. அது அங்கேயே இருக்கிறது. அதன்மேல் ஏறி நின்று படம் எடுத்துக்கொள்ள ஒரு நிமிடம் போதும். நம் காலடியில் நசுங்குவது நூறு ஆண்டு வேலை.

பவளத்தை அழித்தால் என்ன ஆகும் என்பதற்கு நம் முன்னோர் ஊரிலேயே சாட்சி இருக்கிறது. தமிழ்நாட்டில் இராமேஸ்வரத்துக்கும் தூத்துக்குடிக்கும் இடையே மன்னார் வளைகுடாவில் 21 சிறு தீவுகள் இருந்தன. அவற்றைச் சுற்றியிருந்த பவளப்பாறைகளைப் பல்லாண்டுக் காலம் வெட்டி, சுண்ணாம்புக்கும் கட்டடத்துக்கும் கொண்டுபோனார்கள். வெட்டியவர்கள் பெரும்பாலும் நம்மைப்போன்ற கூலிக்காரர்கள். அன்றாடச் சோற்றுக்காக வெட்டினார்கள். அலையைத் தடுக்கும் சுவர் போனது. மண் அரித்தது. பூவரசன்பட்டி, விலாங்குசல்லி என்ற இரண்டு தீவுகள் கடலுக்குள் மூழ்கிவிட்டன. மீனும் குறைந்தது. 1986ஆம் ஆண்டில் அந்தத் தீவுகள் கடல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டன. இப்போது தூத்துக்குடியில் இருக்கும் சுகந்தி தேவதாசன் கடல் ஆராய்ச்சி நிறுவனத்தார், அழிந்த இடங்களில் பவளத் துண்டுகளை நட்டு வளர்க்கிறார்கள். வெட்டுவது எளிது, நட்டு வளர்ப்பதற்கு ஒரு தலைமுறை வேண்டும்.

வெப்பமும் இன்று பெரிய பகை. வழக்கமான வெப்பக் காலத்தைவிடக் கடல் ஒரு டிகிரி கூடுதலாகச் சூடேறிச் சில வாரங்கள் நின்றாலே பவளம் வெளுக்கத் தொடங்கும். 1998, 2010, 2016 ஆகிய ஆண்டுகளில் உலகின் பல கடல்களில் அப்படி நடந்தது. 2010இல் தியோமான், ரெடாங் முதலிய தீவுகளில் முக்குளிக்கும் இடங்கள் சிலவற்றை நம் அரசாங்கம் சில மாதங்கள் மூடிவைத்து, பவளம் தேறுவதற்கு இடங்கொடுத்தது. 2024இல் மீண்டும் உலகளவில் வெளுத்தல் அறிவிக்கப்பட்டது. நம் நாட்டுக் கடலும் அதில் தப்பவில்லை. உலகச் சூட்டைத் தோட்டத்தில் இருக்கும் நாம் தனியே குறைத்துவிட முடியாது. ஆனால் காய்ச்சலில் கிடப்பவன்மேல் மூட்டையைத் தூக்கி வைக்காமல் இருக்கலாம் அல்லவா? வெப்பத்தோடு சேறும் உரமும் சேர்ந்தால் பவளம் எழுந்திருப்பது மேலும் கடினமாகிறது.

அந்தச் சேறும் உரமும் எங்கிருந்து வருகின்றன? ஒரு பகுதி கட்டுமானத்திலிருந்தும் பட்டணத்துச் சாக்கடையிலிருந்தும் வருகிறது. இன்னொரு பகுதி தோட்டத்திலிருந்து வருகிறது. மழைக்கு முன்னால் போட்ட உரம் செம்பனைக்குப் போய்ச் சேராது. கால்வாய்க்கும், கால்வாயிலிருந்து ஆற்றுக்கும், ஆற்றிலிருந்து கடலுக்கும் போகும். தொட்டியில் உரச்சத்து மிகுந்தால் பவளம் என்ன ஆகும் என்று முன்னே பார்த்தோம். கடலிலும் அதுவேதான். எப்போது உரம் போடுவது என்று தீர்மானிப்பது நிர்வாகம். ஆனால் போடுகிற கை நம்முடையது. மேகம் கறுத்திருக்கும்போது, "இன்னிக்கு வேணாங்க ஐயா, மழையில போயிரும்" என்று கங்காணியிடம் சொல்வதில் தவறில்லை. தோட்டத்துக்கும் அது நட்டந்தானே? கால்வாய் ஓரத்தில் உரத்தைக் கொட்டாமல் இருப்பதும், ஆற்றோரத்துப் புல்லையும் செடியையும் வெட்டாமல் விடுவதும் நம்மால் ஆகக்கூடியவை. அந்தப் புல்தான் சேற்றை வடிகட்டுகிறது.

பிள்ளைகளுக்கு ஒரு சொல். அடுத்த விடுமுறையில் தெலுக் கெமாங்குக்குப் போனால் டின் கொண்டுபோகாதீர்கள். கடல் வற்றும் நேரத்தைக் கேட்டுக்கொண்டு, பெரியவர்களோடு போங்கள். மணலிலும் வெறும் பாறையிலும் கால் வையுங்கள். நிறமுள்ள கல்லின்மேல் வைக்காதீர்கள். குனிந்து, நிழல் விழாமல், சத்தமில்லாமல் கொஞ்ச நேரம் பாருங்கள். சிறு மீன் வரும், நண்டு வரும், பவளத்தின்மேல் பொடிப்பூப்போலக் கைகள் அசையும். அந்தத் தொட்டிக்கு மின்கட்டணம் இல்லை. எங்கே எந்த நிறத்தில் பார்த்தோம் என்று நோட்டில் எழுதி வையுங்கள். அடுத்த ஆண்டு அதே இடத்தில் போய்ப் பாருங்கள். வெளுத்திருந்தால் ஆசிரியரிடம் சொல்லுங்கள்.

நேயர்களே, சொன்னவற்றைச் சுருக்கிச் சொல்லி முடிக்கிறோம். பவளம் உயிர். அதன் நிறம், அதற்குள் குடியிருக்கும் பாசியின் நலம். தூய தண்ணீர், மாறாத வெப்பம், அளவான வெளிச்சம், ஓயாத அலை, போதிய சுண்ணாம்பு ஆகியவை இருந்தால் நிறம் நிற்கும். தொட்டியில் வளர்ப்பவர் இவற்றைக் காசு கொடுத்து வாங்கவேண்டும். கடலில் இவை இருக்கின்றன. நாம் கெடுக்காமல் இருந்தால் போதும்.

"கல்லு எப்படி நாறும்?" என்று அன்று கேட்ட அந்தப் பையனுக்கு இப்போது பேரப்பிள்ளைகள் இருக்கிறார்கள். அவர்களைக் கடற்கரைக்கு அழைத்துப் போகும்போது அவர் முதலில் சொல்வது இதுதான்: "பாருங்க, தொடாதீங்க. அது உசுரு."